காஹிராவின் வீதிகள்: ஒட்டகம் முதல் சுரங்க ரயில் வரை

அரபி மொழியில் ‘கித்தா’ என்றொரு சொல் உண்டு. ஒருவர் தமக்கென ஒரு நிலத்தைக் கோடு கிழித்து அடையாளமிட்டுக் கொண்டால் அந்நிலத்திற்குக் கித்தா என்று பெயர். அதன் பன்மை ‘கிதத்’. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் மிஸ்ரு நாட்டை வென்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், கி.பி. 641-ஐ ஒட்டி ஃபுஸ்தாத் நகரை நிறுவியபோது, ஒவ்வொரு கோத்திரத்தாருக்கும் தனித்தனியே கோடு கிழித்து இடம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவ்விடங்களே கிதத் எனப்பட்டன. பிற்காலத்தில், ஒரு நகரின் தெருக்கள், சந்துகள், பள்ளிவாசல்கள், குளியல் மண்டபங்கள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கும் நூல் வகைக்கும் அப்பெயரே நிலைத்தது. ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-மக்ரீஸியின் பெருநூலை அறிஞர் உலகம் இன்றும் ‘கிதத்’ என்றே சுருக்கிச் சொல்கிறது. இக்கால அரபியில் நகரத் திட்டமிடலைக் குறிக்கும் ‘தக்தீத்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

சொல்லின் வேரை நாம் இங்கே தோண்டியது வெறும் இலக்கண ஆசையால் அன்று. மண்ணில் ஒரு கோடு கிழிக்கப்படும்போது அதன் ஒரு புறம் வீடாகிறது, மறுபுறம் வழியாகிறது. வீட்டுக்கென ஒரு கோடும் வழிக்கென வேறொரு கோடும் இல்லை. இதை மறந்து, வழியை ஓர் அலுவலகமும் குடியிருப்பை மற்றோர் அலுவலகமும் தனித்தனியே வரைந்தால் என்ன நேரும் என்பதை அறிய, கெய்ரோ என உலகம் வழங்கும் காஹிராவைக் காட்டிலும் நல்ல பாடநூல் நமக்கு அகப்படாது.

பாத்திமிய்யாக்களின் படைத்தலைவர் ஜவ்ஹர், கி.பி. 969-இல் ஃபுஸ்தாத்துக்கு வடகிழக்கே காஹிராவை அமைத்தார். வடக்கே பாபுல் ஃபுதூஹ், தெற்கே பாபு ஸுவைலா. இவ்விரு வாயில்களையும் இணைத்து ஓடிய பெருவீதியே நகரின் முதுகெலும்பு. ‘கஸபா’ என அதற்குப் பெயர். அதிலிருந்து இருபுறமும் கிளைத்த தெருக்கள் வரவரக் குறுகி, இறுதியில் வாயிற்கதவு இட்ட முட்டுச் சந்துகளாக முடிந்தன. ஐரோப்பியப் பயணிகள் பலர் இதைக் கண்டு, ஒழுங்கற்ற நகரம் என எழுதிச் சென்றனர். அவர்கள் கண்ணுக்குப் படாத ஒழுங்கு ஒன்று அங்கு இருந்தது. சக்கரம் உருளாத நகரம் அது. அரபு நாடுகளில் வண்டிச் சக்கரம் எவ்வாறு மறைந்து ஒட்டகம் அதன் இடத்தைப் பிடித்தது என்பதை ஆராய்ந்து, ரிச்சர்டு புல்லியட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1975-இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். பளு தூக்குவதில் ஒட்டகம் மாட்டு வண்டியை விட மலிவு. அதற்குச் செப்பனிட்ட சாலையும் வேண்டாம், அகன்ற திருப்பமும் வேண்டாம். எனவே வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி நின்று வெயிலை மறைத்துக்கொள்ள முடிந்தது. மனிதர் ஏறிச் செல்லக் கழுதைகள். கி.பி. 1047-இல் அங்கு வந்த பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரூ, தெரு முனைகளில் சேணமிட்டு வாடகைக்கு நிற்கும் கழுதைகள் ஐம்பதாயிரம் எனக் கேள்விப்பட்டு எழுதியுள்ளார். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். கால் நடையும் கால்நடையுமே அந்நகரின் போக்குவரத்து என்பது மட்டும் அதில் தெளிவு.

நம் மதரஸாக்களில் ‘மின்ஹாஜ்’ ஓதியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஸுல்ஹு பற்றிய பாடத்தில், பொதுவழியின் மேல் மாடமோ கூரையோ நீட்டிக் கட்டுவோர் கடைப்பிடிக்க வேண்டிய அளவை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூறுகிறார்கள். நடந்து செல்பவர் தலை குனியாமல் போகுமளவு உயரம் வேண்டும். குதிரை வீரரும் வணிகக் கூட்டமும் செல்லும் பாதையாயின், ஒட்டகத்தின் மேல் அம்பாரி வைத்து, அதன் மேல் நிழல் மரச்சட்டம் கட்டியிருந்தாலும் இடியாத உயரம் வேண்டும். இளமையில் இதை மனனம் செய்த காலத்தில், வணக்க வழிபாட்டின் நடுவே ஒட்டக அம்பாரி எதற்கு வந்தது என்று மாணவர்கள் சிரிப்பதுண்டு. ஆயினும் இதைவிடச் செறிவான நகரச் சட்டம் ஒன்றை எவரே எழுத முடியும்? வீட்டின் அளவு வாகனத்தின் அளவால் தீர்மானிக்கப்படுகிறது. வழியின் அகலத்தில் தகராறு எழுந்தால் அதை ஏழு முழமாகக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் ஹதீஸ் உண்டு. மூன்று மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் அது.

காஹிராவுக்கு மற்றொரு வழியும் இருந்தது, அது நீர்வழி. நைல் நதியையும் செங்கடலையும் இணைத்த பழங்கால்வாய் தூர்ந்து கிடந்தது. ஹிஜாஸில் பஞ்சம் வாட்டியபோது, மிஸ்ரின் தானியத்தை மதீனாவுக்கு விரைந்து அனுப்புவதற்காக அதை மீண்டும் தோண்டச் செய்தவர் கலீபா உமர் (ரலி) அவர்கள். ‘கலீஜ் அமீருல் முஃமினீன்’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து, மதீனாவில் கிளர்ச்சி எழுந்தபோது, அந்நகருக்கு உணவு செல்லாதிருக்கும் பொருட்டு அப்பாஸிய கலீபா மன்சூர் அதன் கடல்முகத்தை அடைத்துவிட்டார் என வரலாற்றாசிரியர் கூறுவர். ஊட்டுவதற்குத் திறந்த வழி, பட்டினி போடுவதற்கு அடைக்கப்பட்டது! எஞ்சிய பகுதி ‘கலீஜ்’ என்ற பெயரோடு காஹிராவின் மேற்கு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் நைல் பெருகிப் பதினாறு முழத்தை எட்டியதும், அதன் வாயிலிருந்த மண் அணையை உடைத்து நீர் விடும் நாள் நகருக்கே பெருவிழா. கரையோரத்தில் அமீர்கள் மாளிகை கட்டினர். வெள்ளம் வடிந்தபின் அதே கால்வாய் நாற்றமெடுத்துக் கிடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சக்கரம் திரும்பி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். முஹம்மது அலீ பாஷா தம் ஆட்சியின் இறுதிப் பகுதியில், 1845-ஐ ஒட்டி, முஸ்கி வட்டாரத்திலிருந்து பழநகரின் நெஞ்சுக்குள் ஒரு புதுவீதி திறக்க விரும்பினார். எவ்வளவு அகலம் என்ற வினா உலமாக்களிடம் சென்றது. சுமை ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் ஒன்றையொன்று இடையூறின்றிக் கடக்கும் அகலம் போதும் என முடிவாயிற்று. பொறியாளர் அதை ஏறத்தாழ எட்டு மீட்டராகக் கணக்கிட்டனர். ‘அஸ்ஸிக்கத்துல் ஜதீதா’, புதுப்பாதை, என்பது அவ்வீதியின் பெயர். ஒட்டகத்தை அளவுகோலாகக் கொண்டு பிறந்த கடைசிப் பெருவீதி அதுவே என்று நாம் கருதுகிறோம். அது திறந்த சில ஆண்டுகளிலேயே அளவுகோல் மாறிவிட்டது.

மாற்றியது இருப்புப் பாதை. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் தபாலும் பயணிகளும் அலெக்ஸாண்டிரியாவில் இறங்கி, நிலவழியே சூயஸ் சென்று மீண்டும் கப்பலேறிய காலம். முதலாம் அப்பாஸ் பாஷா 1851-இல் ராபர்ட் ஸ்டீவன்சனுடன் உடன்படிக்கை செய்தார். 1856-இல் ரயில் காஹிராவை எட்டியது; 1858-இல் சூயஸ் வரை நீண்டது. ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே முதல் ரயில் இது. நகருக்கு வெளியே, வடமேற்கு மூலையில், பாபுல் ஹதீத் எனும் இடத்தில் நிலையம் எழுந்தது. அதுவரை காஹிராவின் முகம் கிழக்கே கோட்டையை நோக்கியிருந்தது. நிலையம் வந்த அன்றே அது மேற்கே திரும்பத் தொடங்கிற்று. ஊருக்கு வருவோர் இறங்கும் இடம் எதுவோ அதுவே ஊரின் தலைவாசல். தலைவாசல் மாறினால் வீட்டின் அமைப்பு முழுவதும் மாறாமல் தீராது.

இவ்விடத்தில் ஒரு மனிதரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலீ பாஷா முபாரக், 1823-ஐ ஒட்டி நைல் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஓதும் பள்ளியில் அடி பொறுக்காமல் ஓடியவர். பின் பொறியியல் கற்றுத் தேர்ந்தார். 1844-இல் பாரிஸுக்குச் சென்ற மாணவர் குழுவில் அவரும் இருந்தார். இளவரசர் இஸ்மாயீலும் இருந்தார். 1863-இல் இஸ்மாயீல் ஆட்சிக்கு வந்தார். 1867-இல் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்று, ஓஸ்மான் பிரபு பழைய பாரிஸைக் கீறித் திறந்திருந்த அகல்வீதிகளைக் கண்டு மயங்கினார். சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு ஈராண்டே இருந்தது. ஐரோப்பிய அரசர்கள் வருவதற்குள் காஹிராவும் பாரிஸ் ஆக வேண்டும்! பழைய மாணவத் தோழரை அழைத்துப் பொதுப்பணி, கல்வி, ரயில்வே, வக்ஃபு ஆகிய நான்கு துறைகளையும் அவர் கையில் ஒப்படைத்தார்.

நான்கும் ஒருவர் கையில் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வழி அமைப்பவரும் அவரே. வழியில் நிற்கும் வக்ஃபு வீடுகளுக்குக் காவலரும் அவரே. பழநகரில் கடைகளும் சத்திரங்களும் குளியல் மண்டபங்களும் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ வக்ஃபு செய்யப்பட்டவை. ஒரு கடை இடிந்தால் எங்கோ ஒரு பள்ளியில் விளக்கெரியாது. ஒரு முதர்ரிஸின் சம்பளம் நிற்கும். வக்ஃபுச் சொத்தை மாற்றீடு செய்வதற்கு ஃபிக்ஹு நூல்கள் கடும் நிபந்தனை விதித்ததன் காரணம் அதுதான். நிபந்தனையைக் கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தால், கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

விழாவுக்குக் காலம் போதாது என்பதால் பழநகரை முதலில் தொடவில்லை. அஸ்பக்கிய்யா குளத்திற்கும் நைலுக்கும் இடையே வெற்றிடமாகக் கிடந்த நிலத்தில் நேர்வீதிகள் வரையப்பட்டன. இஸ்மாயீலிய்யா எனப் பெயர் பெற்ற அப்பகுதியில், நல்ல மதிப்புள்ள மாளிகையைக் குறித்த காலத்துக்குள் கட்டித் தருவோர்க்கு மனை இலவசம். 1869-இல் இசை நாடக அரங்கம் எழுந்தது. 1872-இல் நைலின் குறுக்கே கஸ்ருன் நைல் பாலம் வந்தது. பின்னரே பழநகரின் முறை. ரயில் நிலையத்தையும் அஸ்பக்கிய்யாவையும் இணைத்து குலூத் பே வீதி. அங்கிருந்து தென்கிழக்கே கோட்டையடி வரை, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு, அம்பு எய்தாற்போல் முஹம்மது அலீ வீதி. அந்த அம்பு தைத்த உடலில் ஏறத்தாழ நானூறு பெரிய வீடுகளும் முன்னூறு சிறிய வீடுகளும் இருந்தன. அவற்றோடு மாவு அரைக்கும் ஆலைகள், அடுமனைகள், குளியல் மண்டபங்கள், பள்ளிவாசல்கள். மம்லூக் அமீர் கவ்ஸூன், பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய பெரும் பள்ளியை 1873-இல் வீதி இரண்டாகப் பிளந்து சென்றது. வீதியின் முடிவில் சுல்தான் ஹஸன் பள்ளிவாசல் தப்பி நின்றது. அதன் அருகே அப்போது தொடங்கியிருந்த ரிஃபாயீ பள்ளி 1912-இல்தான் நிறைவெய்தியது.

இவ்வளவையும் இடித்தவர் கல்நெஞ்சர் என்று எளிதில் முடிவு கட்டிவிடலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணிப் படிக்கத் தொடங்கியவர்கள்தாம். ஆனால் அதே அலீ முபாரக்தான், 1886 முதல் 1889 வரை, ‘அல்-கிததுத் தவ்ஃபீகிய்யா’ என்ற நூலை இருபது பாகங்களாக வெளியிட்டார். மக்ரீஸிக்குப் பின் நானூறு ஆண்டுகளில் எந்தத் தெரு என்னவாயிற்று, எந்தப் பள்ளியின் வக்ஃபுப் பத்திரம் என்ன சொல்கிறது, எந்தச் சந்தில் எந்த அறிஞர் வாழ்ந்தார் என்றெல்லாம் தெருத் தெருவாக எழுதினார். பள்ளிகளில் சிதறிக் கிடந்த கையெழுத்துச் சுவடிகளைத் திரட்டி 1870-இல் நாட்டின் நூலகத்தை நிறுவியவரும் அவரே. 1882-இல் அவர் வெளியிட்ட ‘அலமுத்தீன்’ என்ற கதை நூலில், அஸ்ஹரில் ஓதிய ஷைகு ஒருவர் ஆங்கிலேய அறிஞரோடு பயணம் போகிறார்; ரயில் வண்டியைப் பற்றி உரையாடுகிறார். ஒரு கையில் இடிகோலும் மறு கையில் எழுதுகோலும் ஏந்திய மனிதர். அவர் இடித்த சந்துகளை அறிய இன்று நாம் அவர் நூலைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. இது நகைப்புக்குரியதா, வருத்தத்திற்குரியதா என நமக்குத் துணிந்து கூற இயலவில்லை.

கடன் சுமையால் 1876-இல் அரசு திவாலாயிற்று. 1879-இல் இஸ்மாயீல் பதவியிழந்தார். 1882-இல் ஆங்கிலேயர் நுழைந்தனர். எஞ்சிய வீதித் திட்டங்கள் ஏட்டிலேயே நின்றன. 1881-இல் அரபுக் கலைச் சின்னங்களைக் காக்கவென ஒரு குழு அமைக்கப்பட்டது. காசு தீர்ந்ததால் பழநகர் பிழைத்தது என்று சொன்னாலும் பொருந்தும்.

ஆனால் திறந்த வீதி சும்மா இருக்கவில்லை. பெல்ஜியம் நாட்டுச் செல்வர் பாரன் எம்பெய்ன் 1894-இல் டிராம் ஓட்டும் உரிமை பெற்றார். பாரிஸின் சுரங்க ரயிலை அமைத்தவரும் பின்னாளில் இவரே. 1896 ஆகஸ்டில் முதல் மின்சார டிராம் ஓடிற்று. எந்தப் பாதையில்? கோட்டையடியிலிருந்து முஹம்மது அலீ வீதி வழியாக அல்-அதபா சதுக்கம். அங்கிருந்து பாபுல் ஹதீத் ரயில் நிலையம். இருபது ஆண்டுகளுக்கு முன் அகல்வீதி கிழித்தபோது டிராம் என்ற எண்ணமே எவருக்கும் இல்லை. ஆயினும் வீதி இருந்த இடத்தில் தண்டவாளம் படுத்தது. தண்டவாளம் போன இடத்தில் குடியிருப்பு எழுந்தது. கழுதையேறிச் சென்ற கூட்டத்தைக் காஹிரா டிராமில் ஏற்றியது எப்படி, அதனால் மாலைக் கூட்டங்களும் மேடைகளும் பத்திரிகைகளும் வளர்ந்தது எப்படி என்று முஹம்மது ஸய்யித் கைலானீ என்ற அறிஞர் 1968-இல் ஒரு நூல் எழுதினார். ஒரு வாகனத்தின் இலக்கிய விளைவுகளை ஆராய்ந்து அரபியில் எழுந்த நூல் நாம் அறிந்தவரை அது ஒன்றே.

டிராமுக்கு மேலும் இடம் வேண்டியிருந்தது. குறுகிய சந்துகளை இடித்தால் இழப்பீடு தர வேண்டும். கால்வாயைத் தூர்த்தால் தர வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கலீஜ் தூர்க்கப்பட்டது. அதன் மேல் தண்டவாளம் போட்டனர். உமர் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய நீர்வழி, டிராம் வழியாயிற்று. இன்று போர்ட் சயீத் வீதி என்ற பெயரில் கார்கள் ஓடும் வழியாக இருக்கிறது. சுகாதாரம் கருதிச் செய்தோம் என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கரையோர மாளிகைகளின் பின்புறம் அனைத்தும் ஒரே நாளில் தெருமுகமாக மாறின. நீரை நோக்கித் திறந்த மாடங்கள் இப்போது தூசியை நோக்கித் திறந்தன.

இனி, வரலாற்று நூல்கள் சற்றே வேகமாகத் தாண்டிச் செல்லும் ஒரு செய்திக்கு வருவோம். 1897-இல் ஏறத்தாழ 6 லட்சமாக இருந்த காஹிராவின் மக்கள் தொகை, 1917-இல் 8 லட்சத்தை நெருங்கியது. இப்பெருக்கத்தின் பெரும்பகுதி டிராம் சென்ற புறநகர்களில்: வடக்கே ஷுப்ரா, வடகிழக்கே அப்பாஸிய்யா. வசதி படைத்த வணிகரும் அறிஞரும் பழநகர் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே சென்றனர். முன்னர் முட்டுச் சந்தில் செல்வர் மாளிகையும் செருப்புத் தைப்பவர் குடிலும் ஒரே வாயிற்கதவுக்குள் இருந்தன; ஒரே பள்ளியில் தோளோடு தோள் நின்றனர். செல்வர் போனபின் மாளிகையின் அறைகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்திற்கு வாடகையாயின, முற்றம் பட்டறையாயிற்று. பழுது பார்ப்பவர் இல்லை. அடுத்த தலைமுறைத் திட்டக்காரர் வந்து பார்த்து, இது பாழடைந்த பகுதி, இடித்துச் சாலை போடலாம் என்று எழுதினார். பாழாக்கியது முந்தைய சாலைதான் என்பது அவர் குறிப்பேட்டில் இல்லை. வழி ஊரைக் காலி செய்கிறது. காலியான ஊர் அடுத்த வழிக்குக் காரணமாகிறது. காஹிராவின் நூற்றைம்பது ஆண்டுக் கதையில் இச்சுழற்சியை நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

எம்பெய்ன் இச்சுழற்சியை வணிகமாகவே மாற்றினார். 1905-இல் நகருக்கு வடகிழக்கே பாலைவனத்தில் ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் நிலத்தை, ஃபத்தான் ஒன்றுக்கு ஒரு பவுன் என்ற அற்ப விலைக்கு வாங்கினார். நடுநகரிலிருந்து அங்கு மின்சார ரயில் போட்டார். ரயில் போனதும் மணலுக்கு விலை வந்தது. மனை விற்ற காசு ரயிலின் செலவை ஈடு செய்தது. மிஸ்ருல் ஜதீதா, ஹெலியோபோலிஸ் என இரு பெயரால் அழைக்கப்படும் அந்நகர் 1907-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியையும் தாங்கி வளர்ந்தது. போக்குவரத்தும் குடியிருப்பும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டால் எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்பதற்கு அது சான்று. இலாப நோக்கம்தான், ஆயினும் மனை வாங்கியவர் வாசலில் வண்டி நின்றது. இன்று அத்தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுவிட்டன. 2019, 2020 ஆண்டுகளில் அங்கும் மரங்கள் வெட்டப்பட்டுச் சாலைகள் அகன்றன, மேம்பாலங்கள் எழுந்தன.

பழநகரில் 1920-களில் தொடங்கி மற்றொரு கீறல் விழுந்தது. அல்-அதபாவிலிருந்து கிழக்கே, டிராம் செல்லும் பொருட்டு, அல்-அஸ்ஹர் வீதி வெட்டப்பட்டது. ஒட்டகத்துக்கென அளந்த புதுப்பாதைக்கு அணித்தே, அதைவிடப் பன்மடங்கு அகலமாக. அது கஸபாவைக் குறுக்கே அறுத்து, சுல்தான் கூரீயின் கட்டடத் தொகுதியின் ஓரமாகச் சென்றது. ஜாமிஉல் அஸ்ஹர் ஒரு புறம், ஸய்யிதுனா ஹுஸைன் (ரலி) பள்ளி மறுபுறம். இன்று தமிழகத்திலிருந்து அங்கு ஓதச் செல்லும் மாணவர்கள் இரண்டுக்கும் இடையே தரையடி நடைபாதை வழியே கடக்கின்றனர். பின்னர் அதே வீதியின் மேல் இரும்பு மேம்பாலம் ஒன்றையும் ஏற்றினார்கள். மாடி ஜன்னல்களின் பக்கத்தில் லாரி ஓடிற்று. இது பொறுக்காமல், 2001-இல் வீதிக்கு அடியில் இரட்டைச் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. சுரங்கம் வந்தபின் மேம்பாலத்தைக் களைந்து, மேல்வீதியை நடப்போர்க்கே விட்டுவிடுவது என்பதுதான் திட்டம். சுரங்கமும் நிரம்பிற்று, மேம்பாலமும் நிற்கிறது, வீதியும் நெரிகிறது. வழி பெருகப் பெருக வாகனம் பெருகும் என்பதை நிறுவ வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இதற்கிடையே 1987-இல் ஆப்பிரிக்காவின் முதல் சுரங்க ரயில் காஹிராவில் ஓடத் தொடங்கியது. 1996-இல் இரண்டாம் தடம், 2012-இல் மூன்றாம் தடம். பழநகருக்கு இதனால் கிடைத்த நன்மை பெரிது. வீட்டை இடிக்காமல் மக்களைக் கொண்டு சேர்க்கும் வழி வந்தது. ரயில் நிலையச் சதுக்கத்தில் 1955-இல் கொண்டுவந்து நிறுத்திய ராம்ஸேஸ் சிலையை, வாகனப் புகையும் அதிர்வும் அரிப்பதாகக் கூறி 2006-இல் கீஸாவுக்கு அப்புறப்படுத்தினர். மூவாயிரம் ஆண்டு தாங்கிய கருங்கல்லுக்கே அக்காற்று ஒவ்வாது என்று கண்டவர்கள், அதே காற்றைச் சுவாசிப்போரைப் பற்றி என்ன எண்ணினார்களோ தெரியாது.

நல்ல முன்மாதிரி ஒன்றையும் கூறியாக வேண்டும். பழநகரின் கிழக்கு ஓரத்தில், ஐந்நூறு ஆண்டுகளாக நகரத்தார் குப்பையும் இடிபாடும் கொட்டிக் குவித்த தர்ராஸா மேடு இருந்தது. ஆகா கான் அறநிறுவனம் அதை 30 ஹெக்டேர் பூங்காவாக மாற்றி 2005-இல் திறந்தது. மண்ணை அகற்றுகையில், ஸலாஹுத்தீன் அய்யூபி தொடங்கிய நகர மதில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிப்பட்டது. மதிலை ஒட்டியிருந்த தர்புல் அஹ்மர் ஏழைக் குடியிருப்பு. பூங்கா வந்துவிட்டது, ஏழைகளை அகற்றிவிட்டு உல்லாச விடுதி கட்டுவோம் என்ற வழக்கமான பாதையில் அவர்கள் செல்லவில்லை. குடியிருந்தோரை அங்கேயே இருக்கச் செய்து, வீடுகளைப் பழுது பார்க்கக் கடன் கொடுத்தனர். தச்சு, கல் வேலைகளில் இளைஞரைப் பழக்கி, அவர்கள் கையாலேயே பழம்பள்ளிகளைச் சீரமைத்தனர். நடந்து செல்லும் தெருக்கள் நடந்து செல்லும் தெருக்களாகவே இருந்தன. காஹிராவில் சாலை போடாமல் ஒரு பகுதி சீர்பெற்றது என நாம் துணிந்து காட்டக்கூடிய சான்று அது. கஸபாவின் வடபகுதியிலும் பின்னர் வாகனத்தை நிறுத்திவைத்துக் கல் பாவினர். ஆனால் அங்கே பாபுல் ஃபுதூஹ் அருகே தலைமுறைகளாக நடந்துவந்த வெங்காயம், பூண்டு, எலுமிச்சை மண்டிகளை நகருக்கு வெளியே அனுப்பிவிட்டனர். கல் பளபளக்கிறது, மூட்டை தூக்கிப் பிழைத்தவர் என்னவானார் என்று எவரும் எழுதக் காணோம்.

இனிச் சொல்ல வேண்டியது நம் உள்ளத்துக்கு மிக அணுக்கமானது. தமிழகக் கடற்கரை ஊர்களில் வாழும் நம்மவரில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 204-இல், கி.பி. 820-இல், ஃபுஸ்தாத்தில் மறைந்து, அதன் கிழக்கே முகத்தம் மலையடிவார மையவாடியில் அடங்கினார்கள். கி.பி. 1211-இல் அய்யூபிய சுல்தான் காமில் அவர்களின் கபுரின் மேல் மரக்குப்பா எழுப்பினார். அதைச் சுற்றி ஆயிரம் ஆண்டுகளாக அறிஞரும் அமீரும் வணிகரும் பெயர் தெரியா ஏழைகளும் அடக்கமாயினர். வடக்கே காயித்பாய் சுல்தானின் கல்லறை வரை மைல் கணக்கில் நீளும் அப்பெருவெளியை அரபுகள் ‘கராஃபா’ என்பர். 1979-இல் யுனெஸ்கோ பழங்காஹிராவை உலக மரபுச் சொத்தாக ஏற்றது.

புதிய தலைநகரம் ஒன்று கிழக்குப் பாலையில் எழும் என 2015-இல் அறிவிக்கப்பட்டது. புதுநகருக்கும் பழநகருக்கும் இடையே விரைவுச் சாலைகள் வேண்டும். அந்தக் கோட்டின் குறுக்கே கிடப்பவர்களோ எழுந்து மறுப்புரைக்க இயலாதவர்கள். 2020-இல் வடக்குக் கராஃபாவில் ‘ஃபிர்தவ்ஸ்’ எனப் பெயரிட்ட சாலைக்காகக் கல்லறைக் கட்டடங்கள் இடிந்தன. சுவனத்தின் பெயரைச் சாலைக்குச் சூட்டியவர் யாரோ! 2023-இல் தெற்குக் கராஃபாவில், இமாம் ஷாஃபிஈ, ஸய்யிதா நஃபீஸா (ரலி) வட்டாரங்களில் இடிப்பு விரைந்தது. பழஞ்சின்னங்களாகப் பதிவு செய்யப்பட்டவற்றைத் தொடவில்லை என்பது அரசின் விடை. இமாம் அவர்களின் குப்பா 2021-இல் அழகுறச் செப்பனிடப்பட்டதும் உண்மை. ஆனால் ஒரு மையவாடி என்பது ஒரு குப்பா மட்டும் அன்று. அதைச் சூழ்ந்து துயில்வோர் எல்லோரும் சேர்ந்ததுதான் மையவாடி. உறவினருக்கு அறிவிப்பு வந்தது. நகருக்கு வெளியே மாற்றிடம் தருகிறோம், எலும்புகளை எடுத்துச் செல்லுங்கள் என்று. கபுரைத் தோண்டுவதற்கு நம் ஃபிக்ஹு நூல்கள் இடும் நிபந்தனைகளை நாம் இங்கு விரிக்கவில்லை, ஓதியவர்கள் அறிவார்கள். எகிப்தின் அறிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் கண்டனம் எழுப்பினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிலையை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சிறந்தோரின் எச்சங்களுக்கென ‘மக்பரத்துல் காலிதீன்’ என்ற புதிய மையவாடி அமைப்பதாகவும் அறிவிப்பு வந்தது.

அவ்விடிபாடுகளுக்கு நடுவே இளைஞர் சிலர் தாமாகவே சென்று, உடைந்த மீஸான் கற்களைத் தேடிப் புரட்டி, படம் எடுத்து, படித்து வந்தனர். செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த குவியலிலிருந்து கூஃபி எழுத்துப் பொறித்த கற்கள் வெளிவந்தன. அவற்றைக் கழுவித் துடைத்துத் தொல்பொருள் துறையிடம் ஒப்படைத்தார்கள்.